சாலையைக் குறை சொல்லலாம். கவுன்சிலரைத் திருடன் எனலாமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. படத்தோடு, "வார்டு கவுன்சிலர் கமிஷன் அடித்துவிட்டார், திருடன்" என்று முகநூலில் எழுதினேன். ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். இப்போது ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, "புகார் வந்திருக்கு, வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். பயந்துபோய் நேற்று பதிவை நீக்கிவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்னைக் கைது செய்வார்களா? பேச்சுரிமை என்று ஒன்று இல்லையா?

பதில்: கைது பயம் வேண்டாம். நீங்கள் சொல்லும் வாசகம் அப்படியே இருந்தால், அது அவதூறு என்ற ஒரு குற்றச்சாட்டுக்குள்தான் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356: அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும், சமூக சேவை செய்யச் சொல்லியும் விடலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இதற்குப் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடவே முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் கவுன்சிலர்தான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். அங்கேயும் உங்கள் தரப்பைக் கேட்காமல் வழக்கைக் கோப்புக்கு எடுக்கக் கூடாது. ஸ்டேஷனில் இப்போது இருப்பது அநேகமாக சிஎஸ்ஆர் (எஃப்ஐஆர் ஆகாத மனுக்களைப் பதியும் ஸ்டேஷன் பதிவேடு) ரசீது போட்ட ஒரு மனு, அவ்வளவுதான்.

ஆகவே அந்த 15,000 ரூபாய்க்கு உங்களுக்கு விற்கப்படுவது இல்லாத பொருள். போடவே முடியாத எஃப்ஐஆரைப் "போடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் ஸ்டேஷன் வாசல் தரகர்களின் பிழைப்பு. பணம் போவதோடு நிற்காது. "ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க, முடிஞ்சுடும்" என்பார்கள். "ஆதாரம் இல்லாமல் எழுதிவிட்டேன்" என்று நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள், நாளை கவுன்சிலரின் தனிநபர் புகாரோடு முதல் ஆவணமாக இணைக்கப்படும். வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் கூடாது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது: சைபர் கிரைம் என்று வீடியோ காலில் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் கட்டச் சொல்பவர்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-ல் புகார் சொல்லுங்கள்.

போனில் கூப்பிட்டவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: சிஎஸ்ஆர் எண் என்ன, எந்தத் தேதியில் யார் கொடுத்த மனு, எழுத்தில் சம்மன் தருவீர்களா. முறைத்துக்கொள்ள வேண்டாம், வர மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். பகல் நேரத்தில், வழக்கறிஞரோடு அல்லது விவரம் தெரிந்த ஒருவரோடு போய், சுருக்கமான எழுத்துப் பதிலைக் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். எஃப்ஐஆர் போட்ட பிறகு நடக்கும் புலன் விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடவே கூடாது என்பது சட்டம். வழக்கே ஆனாலும், 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-ன்படி முதலில் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முறையாக நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருந்தால்தான் கைதுக்கு வழி திறக்கும்.

எங்கே இடறும் என்பதையும் சொல்ல வேண்டும். அவதூறுக்கு எஃப்ஐஆர் போட முடியாது என்பதால், கலவரத்தைத் தூண்டினார் (192), பீதி கிளப்பும் பொய்ச்செய்தி பரப்பினார் (353), ஆபாசமாகத் திட்டினார் (296) என்று வேறு பிரிவுகளை ஒட்டும் பழக்கம் இருக்கிறது. உங்கள் பதிவில் கெட்ட வார்த்தையோ சாதிப் பெயரோ "வாங்க, அவன் வீட்டுக்குப் போவோம்" என்பது போன்ற வரியோ இருந்தால், நான் மேலே சொன்னதெல்லாம் மாறிவிடும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வெறும் விமர்சனத்துக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது. 2025 மார்ச்சில் ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்ஐஆரை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம், எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர்களின் அளவுகோலால் சொற்களை அளக்கக் கூடாது என்றது. ஆனால் நீதிமன்றம் சொல்வது ஸ்டேஷன் மேஜைக்கு வந்துசேர எத்தனை காலம் ஆகிறது! இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தார்கள். இனி யார் மீதும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022-லும் உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்துப்போன ஒரு பிரிவுக்கு ஏழு ஆண்டு கழித்து மறுபடி உத்தரவு என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இனி பேச்சுரிமை. அரசியல் சாசனம் 19(1)(அ) அதைத் தருகிறது. 19(2) அவதூறு உட்படச் சில எல்லைகளையும் வைக்கிறது. உங்கள் பதிவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். "சாலை பெயர்ந்துவிட்டது" என்பதற்குப் படம் இருக்கிறது. "வேலை மோசம்" என்பது கருத்து, தாராளமாகச் சொல்லலாம். பேரூராட்சி நிர்வாகத்தை எவ்வளவு காட்டமாக விமர்சித்தாலும், அது நஷ்டஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட முடியாது. 1994-ல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சிக்கல் மூன்றாவதில்தான்: "கமிஷன் அடித்தார், திருடன்." இது குறிப்பிட்ட ஒரு மனிதர் மீது குற்றம் சுமத்துவது.

"உண்மையைத்தானே எழுதினேன்" என்பீர்கள். 356-ன் முதல் விலக்கு அதற்குத்தான் இருக்கிறது, ஆனால் பலரும் அதைப் பாதிதான் படிக்கிறார்கள். குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். இரண்டையும் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். பொதுநலன் எளிது, பொதுச்சாலைதானே. உண்மை? சாலை பெயர்ந்ததற்குப் படம் ஆதாரம், கமிஷனுக்கு அது ஆதாரமே இல்லை. சிமெண்ட் கலவை குறைந்திருக்கலாம், தண்ணீர் கட்டி ஆற விடாமல் வண்டியை விட்டிருக்கலாம், ஒப்பந்ததாரர் மட்டுமே ஏமாற்றியிருக்கலாம். "ஊரே சொல்கிறது" என்பது சாட்சியம் ஆகாது. "அடித்திருப்பாரோ?" என்று கேள்விக்குறி போட்டாலும் தப்ப முடியாது. "எங்கள் உத்தமர் கமிஷனே வாங்காதவர்" என்று வஞ்சப்புகழ்ச்சியாக எழுதினாலும் அவதூறு ஆகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. "வந்ததை அனுப்பினேன்" என்பதும் உதவாது, பகிர்ந்தவரும் பொறுப்பாளிதான்.

பதிவை நீக்கியதில் தவறில்லை. ஆனால் என்ன எழுதினீர்கள் என்பதற்கு உங்களிடம் பிரதி வேண்டும். எதிர்த்தரப்பு வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்தால் மறுக்க வேறு வழியில்லை. முகநூலில் ட்ராஷுக்கு அனுப்பிய பதிவு 30 நாள் வரை ஆக்டிவிட்டி லாக்கில் கிடக்கும். மறுபடி வெளியிடாமல், தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். நேரடியாக டெலிட் கொடுத்திருந்தால், குழு நண்பர் ஒருவரின் போனில் இருப்பதை வாங்கி வையுங்கள். பெயர்ந்த சாலையின் மூலப் படங்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

கூடவே இன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சிக்கு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தச் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் என்னும் அளவுப் புத்தகப் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. மதிப்பீட்டில் உள்ள தளத்தின் கனமும் தெருவில் நீங்கள் டேப் வைத்து அளந்த கனமும் வேறு வேறாக இருந்தால், அதை எழுதுங்கள்: "மதிப்பீட்டில் இவ்வளவு, தெருவில் இவ்வளவு, மீதி எங்கே என்று பேரூராட்சி பதில் சொல்லட்டும்." இதில் யாரையும் திருடன் எனச் சொல்லவில்லை. கமிஷன் சந்தேகத்தை லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மனுவாக அனுப்புங்கள். உரிய அதிகாரியிடம் நன்னம்பிக்கையோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. அந்த மனுவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் இந்தப் பாதுகாப்பு பதிவுக்கு வராது.

உங்கள் குழு அட்மினும் பயந்திருப்பார். மற்றவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்பதற்காக மட்டும் அவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021-லேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.