புரதங்களை ஆராய்வதால் புற்றுநோயாளிக்கு நேரடிப் பயன் ஏதும் உண்டா?

இப்படிக் கேட்ட உங்கள் வீட்டில் யாருக்கோ திசுப் பரிசோதனை முடிவு வந்து, அதில் 'ஹெர்2' என்ற புரதத்தின் பெயரைக் கண்டு கலங்கியிருக்கிறீர்கள் என்றே எண்ணுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் 18 ஆண்டுகளாகத் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். ஆகவே இதைச் சிகிச்சை அறிவுரையாக யாரும் கொள்ள வேண்டாம்.

பயன் உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 முதல் 20 வரையானவற்றில், ஹெர்2 புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி நிறைந்து, அதை ஓயாமல் பிளவுறத் தூண்டுகிறது. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு அமெரிக்கா 1998இல் ஒப்புதல் அளித்தது. யாருக்கு அதைக் கொடுப்பது என்பதை எங்கள் கண்ணாடித் தகடுதான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ நான்கு மைக்ரான் தடிமனில் சீவிய திசுவின்மேல் ஹெர்2 புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை இட்டுச் சாயமேற்றினால், புரதம் மிகுந்த உயிரணுக்களைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பி வலையைப் போலப் பழுப்புக் கோடுகள் தெரியும். 0 முதல் 3 வரையான அளவில் அதற்கு மதிப்பு 3. இரண்டாக இருந்தால் மரபணுச் சோதனையும் தேவைப்படும்.

2015இல் பட்டர்வொர்த்தில் இருந்த என் அக்காவின் திசு எங்கள் கூடத்துக்கே வந்தது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இட்டிருக்க வேண்டிய அந்தத் துண்டு, வெள்ளிக்கிழமை மாலை என்பதால், மறுநாள் காலை வரை வெறும் உப்புநீரில் கிடந்திருக்கிறது. புற்றுநோய் என்பது தெரிந்தது; ஆனால் சாயம் ஓரிடத்தில் பழுப்பாகவும் மற்றோரிடத்தில் வெளிறியும் நின்றதால், புரதத்தின் அளவை எங்கள் நோய்க்கூற்று மருத்துவரால் கணிக்க இயலவில்லை. திசு எடுக்க அக்கா மறுபடியும் ஊசிக் குத்தலுக்கு உள்ளானார். மூன்று வாரங்கள் வீணாயின. இரண்டாவது தகட்டில் தெளிவாக 3 வந்தது. கீமோவுடன் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஓராண்டு டிராஸ்டுஸுமாப் செலுத்தினார்கள்.

ஒரு சம்பவத்தை வைத்து எல்லாரையும் குறை கூறுவதாகச் சிலர் சொல்லலாம். அத்தவறு நடந்தது எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் ஆதங்கம், திசுவை உடனே ஃபார்மலினில் இடாமல் விடும் பழக்கத்தின் மீதுதான். ஹெர்2 குறைவாக உள்ளவர்களுக்கும் 2022இல் வேறொரு மருந்து ஒப்புதல் பெற்றுவிட்டதால், 0க்கும் 1க்கும் இடையிலான மெல்லிய வேறுபாடும் இன்று ஒருவரின் சிகிச்சையை மாற்றக்கூடும். எங்களுக்கு வரும் படிவத்தில் திசு எடுத்த நேரத்துக்கும் ஃபார்மலினில் இட்ட நேரத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. அவை வெறுமையாக வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே நான் வேலையைத் தொடங்குகிறேன்.