ஓடுகிறவர் வயிற்றில் என்ன நடக்கிறது?

கேள்வி: மாரத்தான் ஓடுகிறவர்களின் குடலில் தனி பாக்டீரியா இருக்கிறதாமே? அதனால்தான் களைக்காமல் ஓடுகிறார்களா?

வெய்லோனெல்லாவைத்தான் கேட்கிறீர்கள். 2015 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 15 பேரின் மலத்தைப் பந்தயத்துக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் சோதித்தார்கள். ஓடி முடித்தபின் இது பெருகியிருந்தது. வேகமாக ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் கலக்கும், அதில் கொஞ்சம் குடலுக்குள்ளும் வந்துவிடும். வெய்லோனெல்லாவுக்கு அதுதான் சாப்பாடு. தின்றுவிட்டு புரோப்பியனேட் என்ற கொழுப்பு அமிலத்தை வெளியே விடும். இந்தப் பாக்டீரியாவைக் கொடுத்த சுண்டெலிகள் டிரெட்மில்லில் 13 சதவீதம் கூடுதல் நேரம் ஓடின. புரோப்பியனேட்டை மட்டும் மலக்குடல் வழியே செலுத்தியபோதும் ஓட்டம் கூடியது. எனக்கு வியப்பு அங்கேதான்: அது வெளியே விடும் கழிவே போதுமாக இருந்திருக்கிறது! ஆனாலும் கூடுதலாக ஓடியது சுண்டெலி, மனிதர் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா?

டப்பாவோடு வந்து கேட்கிறவர்களிடம் லேபிளைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். பெரும்பாலும் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம்தான் இருக்கும், வெய்லோனெல்லா இருக்காது. அந்தக் காசுக்குக் கம்பும் கேழ்வரகும் கொண்டைக்கடலையும் வாங்குங்கள். அவற்றின் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா பியூட்டிரேட் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமாக மாற்றும், குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள்.

கேள்வி: காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதன்பிறகு ஓடவே மனசு வரவில்லை. மருந்துதான் காரணமா?

முதல் காரணம் காய்ச்சலின் அசதிதான். 2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், ஆன்டிபயாடிக்கால் குடல் பாக்டீரியாவை இழந்த சுண்டெலிகளின் ஓட்டம் குறைந்தது உண்மை. குடலிலிருந்து நரம்பு வழியே போகும் தூண்டுதல் குறைந்ததால், ஓடும்போது மூளையில் சுரந்து ஊக்கம் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் குறைந்தது. அதற்காக மருந்தை நீங்களாகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சீட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்து, குதிகாலுக்கு மேலே வலித்தால் மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழியும் ஆபத்து அந்த மருந்துகளுக்கு உண்டு.

கேள்வி: பந்தயத்தன்று பாதி வழியில் வயிற்றைக் கலக்குகிறது.

நீண்ட ஓட்டத்தில் ரத்தம் காலுக்குத் திரும்பிவிடும், குடலுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். முந்தின நாள் மட்டும் சுண்டல், கீரை வேண்டாம், இட்லியோ வெள்ளைச் சோறோ போதும். ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் எடுப்பதாக இருந்தால் பயிற்சி நாட்களிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.