உலக உணவுப் பாதுகாப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒரு கட்சியைத் திட்டச் சொல்லி வந்தவற்றை விட்டுவிட்டேன்.

கேள்வி: சார், உணவுக்கென்று ரோமில் மூன்று ஐ.நா. அமைப்புகள் எதற்கு? ஒன்றாக்கிவிடலாமே?

மூன்றுக்கும் வேலை வேறு. 1945இல் தொடங்கிய உணவு வேளாண் அமைப்பு புள்ளிவிவரம் திரட்டும், பயிர்நோய்களைக் கண்காணிக்கும், அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும். 1961இல் உருவான உலக உணவுத் திட்டம் மூட்டைகளைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி மக்களிடம் சேர்க்கும். 1977இல் வந்த ஐஃபாட் (சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம்) சிறு விவசாயிகளுக்கான திட்டங்களுக்குக் கடனும் மானியமும் தரும். ஒன்றாக்கினால் பெயர்ப்பலகை மாறும், பணம் கூடாது. உலக உணவுத் திட்டம் நடப்பதே நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையில்தான். பெரிய நன்கொடை நாடு ஒன்று கையைச் சுருக்கினால் அகதி முகாம்களில் ரேஷன் குறையும்.

கேள்வி: எல்லோருக்கும் போதுமான அளவு விளைகிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் பசி?

விளைச்சல் கணக்கு சரிதான். போர், வறுமை, விலையேற்றம் ஆகியவை நடுவில் நிற்கின்றன. 2024இல் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67.3 கோடி பேர் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை: சத்தான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் சுமார் 260 கோடி. முதல் எண் கலோரியை மட்டும் பார்க்கிறது. வயிறு நிறைந்தும் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏயும் கிடைக்காத குழந்தை அதில் வராது.

கேள்வி: பஞ்சம் என்று அறிவிக்க ஏன் இவ்வளவு தாமதம்?

பசியின் கடுமையை அளக்கும் ஐ.பி.சி. என்ற ஐந்து நிலை அளவுகோல்தான் இதற்கு அடிப்படை. ஐந்தாம் நிலையான பஞ்சத்துக்கு மூன்று நிபந்தனைகள்: 20 சதவீதக் குடும்பங்களுக்காவது உணவு ஏறக்குறைய இல்லாமல் போயிருக்க வேண்டும், 30 சதவீதக் குழந்தைகளாவது கடும் மெலிவில் இருக்க வேண்டும், பத்தாயிரம் பேருக்கு தினமும் இருவராவது பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ இறக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பாருங்கள், சாவை எண்ணி முடித்த பிறகுதான் முத்திரை விழும். 2011இல் சோமாலியாவில் அறிவிப்பு வருவதற்குள்ளேயே ஏராளமானோர் இறந்துவிட்டிருந்தார்கள். அறிவித்தாலும் யாரும் உதவியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், நெருக்கடி எனப்படும் மூன்றாம் நிலையிலேயே பணம் வந்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு நாடு திடீரென்று தானிய ஏற்றுமதியை நிறுத்தினால் உலக வர்த்தக அமைப்பு தடுக்காதா?

பெரும்பாலும் தடுக்காது. உள்நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு வரும் என்றால் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ள வர்த்தக விதியே இடம் கொடுக்கிறது. எது கடும் தட்டுப்பாடு என்பதை அந்தந்த நாடே சொல்லிக்கொள்கிறது, அங்கேதான் சிக்கல்.

2007-08 அரிசி நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் பெரிய விளைச்சல் வீழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு நாடு ஏற்றுமதியை நிறுத்தியது, அதைப் பார்த்து அடுத்த நாடும் நிறுத்தியது, வாங்கும் நாடுகள் பதறிப்போய்க் கூடுதலாக வாங்கின. சில மாதங்களில் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. பயம்தான் விலையை ஏற்றியது.

மறுபடி விலை ஏறியபோது, 2011இல், ஜி20 நாடுகள் ஆமிஸ் என்ற சந்தைத் தகவல் அமைப்பைத் தொடங்கின. கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா நான்கிலும் யாரிடம் எவ்வளவு கையிருப்பு என்று பகிர்ந்துகொள்வதுதான் அதன் வேலை. கேட்கச் சப்பென்றிருக்கும். ஆனால் தலைவர்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் மாநாடுகளைவிட இது உருப்படியானது என்பேன். 2022இல் இன்னொரு சின்ன முன்னேற்றம்: உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்காக வாங்கும் தானியத்துக்கு ஏற்றுமதித் தடை போடுவதில்லை என்று வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன.

கேள்வி: இலவச உணவு உதவி அந்த ஊர் விவசாயியைக் கெடுக்காதா?

கெடுக்கலாம். பணக்கார நாடுகள் தங்கள் உபரியைக் கொண்டுபோய்க் கொட்டினால், அங்கே அறுவடை நேரத்தில் விலை விழும். அதனால்தான் சந்தை இயங்கும் இடங்களில் இப்போது பணமாகவோ கூப்பனாகவோ கொடுப்பது கூடியிருக்கிறது. சந்தையே முடங்கிப்போன இடத்தில் பணத்தை வைத்து என்ன செய்வது? அங்கே மூட்டைதான்.

கேள்வி: கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர் விளம்பரத்துக்கு உலகத் தடை இருக்கிறதாமே?

தடை என்று சொல்ல முடியாது, பரிந்துரை. 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவுகளின் விளம்பரம், விற்பனை பற்றிய நெறிமுறையை 118 ஓட்டுகளுடன் ஏற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும். உள்நாட்டுச் சட்டம் போட்ட நாடுகளில்தான் அதற்குப் பல் உண்டு.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. எங்கிருந்து தொடங்கலாம் ஐயா?

ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் உணவுப் பாதுகாப்பு, ஊட்டச்சத்து அறிக்கையை எடுங்கள் அம்மா. முன்னுரையைத் தாண்டி, கணக்கிட்ட முறையைச் சொல்லும் பின்னிணைப்புக்குப் போய்விடுங்கள். மேலே சொன்ன 67.3 கோடி உண்மையில் 63.8 கோடிக்கும் 72 கோடிக்கும் இடைப்பட்ட மதிப்பீடு என்பது அப்போது தெரியும். செய்திகளில் வருவது நடு எண் மட்டும்தான்.