வெண்டா குழந்தைகள் எளிய பாட்டில் தொடங்கித்தான் இசை கற்கிறார்களா?

இல்லை. தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், இன்றைய லிம்போபோ மாகாணத்தில், 1956–58இல் வெண்டா மக்களிடையே களஆய்வு செய்த இசை மானுடவியலாளர் ஜான் பிளாக்கிங் கண்டது வேறு. அடிக்கடி காதில் விழும் பாட்டைத்தான் குழந்தை முதலில் பிடித்துக்கொள்கிறது. அதில் சுரங்கள் கூடுதலாக இருந்தாலும் சரி.

தாளம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. முரசு அடிக்கும் தாயின் முதுகில் கட்டப்பட்ட குழந்தை அந்த அசைவை உடம்பால் உணர்கிறது. பிறகு அது எதையாவது தட்டினால் பெரியவர்கள் அதட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தாளத்தைச் சேர்க்கிறார்கள். வெறும் சத்தம் இசையாகிவிடுகிறது. வளர்ப்பில் மிக அருமையான பகுதி இதுதான்.

பிள்ளைப் பாட்டுகள் பலவற்றின் மெட்டு ட்ஷிகோனா என்னும் குழலிசையிலிருந்து பிறந்தது. அதில் ஆளுக்கொரு குழல், குழலுக்கு ஒரே சுரம். ஒருவர் தன் முறையைத் தவறவிட்டால் மெட்டு அங்கேயே அறுபடும்.