பக் இல்லாதபோது என் மகன் 'மறைந்துவிடுகிறான்' என்று தெரிவாளர் எழுதினால் என்ன பொருள்?

கேள்வி: ஒன்ராறியோவில் ஐஸ் ஹொக்கி விளையாடும் என் மகனுக்கு 15 வயது; வலப்பக்க முன்கள வீரன். அவனது ஆட்டத்தைப் பார்த்த தெரிவாளர் ஒருவர், 'மட்டையைக் கையாளும் திறன் நன்று, வேகம் உண்டு, ஆனால் பக் (மட்டையால் அடித்து ஆடும் ரப்பர் வட்டு) தன்னிடம் இல்லாதபோது மறைந்துவிடுகிறான்' என்று எழுதியிருக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

உங்கள் வீட்டில் அந்தக் கடைசி வரி எத்தனை தடவை வாசிக்கப்பட்டிருக்கும் என்பதும், அதற்கு முன்னால் உள்ள இரண்டு பாராட்டுகளும் யாருடைய கண்ணிலும் பட்டிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி அப்படிப்பட்ட வரிகளை எழுதிக் கையொப்பமும் வைத்தவன் நான் என்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

ஐஸே இல்லாத வன்னியில் இருந்துகொண்டு இவர் ஹொக்கிக்கு விளக்கம் சொல்ல வந்துவிட்டார் என்று சிலர் நினைக்கக்கூடும், நினைக்கட்டும். எனக்கு ஐஸ் என்றால் முல்லைத்தீவுக் கரையில் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடும் கட்டிதான். ஸ்கேற்றைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலைகளில் 26 ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியராக இருந்து உதைபந்தாட்டம் பழக்கியிருக்கிறேன். வலயமட்டத் தெரிவுகளிலும் இருந்திருக்கிறேன். என் தங்கையின் மகன் ஒன்ராறியோவில் உங்கள் மகனைப் போலவே முன்களத்தில் விளையாடுவதால், நான்கு மாரிகளாக அவனது ஆட்டங்களைக் கைபேசியில் பார்த்துவருகிறேன். அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கு வரும். வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருக்க, போர்வைக்குள் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்த விளையாட்டை நான் படித்தேன்.

முதலில் அந்த வரிக்கு வருகிறேன். கோல் காப்பாளரைத் தவிர்த்து ஓர் அணியில் ஐவர் ஆடுகளத்தில் இருப்பர். அவர்களில் மூவர் முன்களத்தினர். எதிரணியின் பகுதிக்குள் பக் போனதும் ஒருவன் அதை வைத்திருப்பவன்மீது பாய்வான். இரண்டாமவன் அவனுக்குத் துணையாக நெருங்குவான். மூன்றாமவன் கோலிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் போகக்கூடிய இடத்தில் நிற்பான். பக் பறிபோனால், எதிரணியின் விரைந்த பாய்ச்சலைத் தடுக்க முதலில் பின்னோக்கி ஓட வேண்டியவன் அவனே. இந்த மூன்றாமவன் இன்னார்தான் என்று எழுதிவைப்பதில்லை. யார் முதலில் போய்ச் சேருகிறான் என்பதைப் பொறுத்து அது நொடிக்கு நொடி மாறும். உங்கள் மகன் மூன்றாமவனாக நிற்கும்போது பக்கை மட்டும் பார்க்கிறவரின் கண்ணுக்கு அவன் மறைந்துதான் தெரிவான்; அது அவனுடைய வேலை. முதலாமவனாகப் பாய வேண்டிய வேளையில் மூன்றாமவனின் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தான் என்றால் அது குறை. இரண்டில் எது என்று உங்கள் தெரிவாளர் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பின்னர் எங்கள் மைதானங்கள் ஒருவாறு திருந்திவந்த 2013ஆம் ஆண்டில், 15 வயதுக்குட்பட்டோருக்கான ஒரு தெரிவில் நானும் இருந்தேன். பாலைமர நிழலில் மூன்று பிளாஸ்ரிக் கதிரைகள். மைதானத்தில் ஏறத்தாழ நாற்பது பொடியன்கள். எங்கள் கையில் இருந்த படிவத்தில் 'குறிப்பு' என்ற பத்தி இரண்டு விரல் அகலம். ஒரு பொடியன் யாரிடமோ இரவல் வாங்கிய சப்பாத்தோடு வந்திருந்தான். பெரிய சப்பாத்து என்பதால் முன்னால் துணி அடைத்திருந்தான், அதன் ஓரம் வெளியே தெரிந்தது. பந்து அவனை நோக்கி வரும் ஒவ்வொரு தடவையும், அது வந்து சேருவதற்கு முன்னர் அவன் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அந்தத் தலை திருப்பல் எனக்கு எரிச்சலைத் தந்தது. 'பந்தில் கவனமில்லை' என்று எழுதினேன். அந்தப் பத்திக்குள் அவ்வளவுதான் அடங்கியது. மற்ற இருவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

முடிந்ததும் அவன் எங்கள் கதிரைக்குக் கிட்ட வந்து, "சேர், நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டான்.

"பந்தைப் பார் தம்பி. பராக்குப் பார்க்கக் கூடாது."

"பராக்கில்லை சேர். பின்னாலை வாறவனைப் பாத்தனான்."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

பல ஆண்டுகளின் பின்னர் ஒரு நாள் தங்கை அழைத்து, "அண்ணா, பக் கிடைக்கிறதுக்கு முதல் இவன் எத்தனை தரம் திரும்பிப் பாக்கிறான் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ, பயிற்றுநர் கேட்டவர், எனக்கு எண்ண முடியேல்லை" என்றாள். காணொளியைப் போட்டு எண்ணத் தொடங்கினேன். மருமகன் ஆடுகளத்தின் பக்கச் சுவரை நோக்கிப் போகிறான். பக் சுவரில் பட்டு வருகிறது. அவன் முதுகு முழு மைதானத்துக்கும் திறந்திருக்கிறது. ஒரு தடவை இடத்தோளுக்கு மேலால் பார்த்தான், இன்னொரு தடவை வலத்தோளுக்கு மேலால் பார்த்தான், பிறகுதான் பக்கைத் தொட்டான். தொட்ட கணமே, பின்னால் வந்தவன் இல்லாத பக்கமாகத் திரும்பிவிட்டான். அந்த வயதில் உடலால் மோதித் தடுப்பது போட்டி அணிகளில் விதிக்கு உட்பட்டது என்பதால், யார் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று முன்னரே தெரியாதவன் சுவரோடு நசிபடுவான். அங்கே பயிற்றுநர்கள் பக்கத்தில் நின்று எண்ணிப் பழக்குகிற ஒரு பழக்கம், எங்கள் மைதானத்தில் யாரும் பழக்காமலே ஒரு பிள்ளையிடம் இருந்தது. அதைத்தான் நான் குறை என்று எழுதி அனுப்பினேன். அவன் இப்போது பரந்தன் பக்கத்தில் லொறி ஓட்டுகிறான். வழியில் கண்டால் கையைக் காட்டிச் சிரிப்பான். அந்தக் கதையை நான் இன்னும் அவனிடம் எடுக்கவில்லை.

தெரிவாளர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் முதல் நாளே எழுதப்பட்டுவிட்ட தெரிவுகளிலும் நான் சும்மா கதிரையை நிரப்பியிருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் உங்கள் மகனைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து மூன்று விடயங்கள் எழுதியதே பெரிது. ஆயினும் எழுதியவர் கண்டது எது, அதிலிருந்து முடிவுகட்டியது எது என்பதை நீங்கள் பிரித்தெடுக்க வேண்டும். 'தலையைத் திருப்பினான்' என்பது கண்டது. 'கவனமில்லை' என்பது முடிவு. 'மறைந்துவிடுகிறான்' என்பதும் முடிவுதான்.

மகன் எந்த மாதம் பிறந்தவன் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த விளையாட்டில் அதுவும் கணக்கு. கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் திகதியில் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். முன்னணி இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களில் எடுத்துக்காட்டினார். 2009இல் பிறப்புச் சான்றிதழ்களைத் தொலைத்த குடும்பங்களின் பிள்ளைகளை வயதுப்படி பிரிக்கப் பட்ட பாட்டை அறிந்தவன் என்பதால், ஒரு வருட வித்தியாசம் 14, 15 வயதில் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பின்னாளில் 'பலம் போதாது' என்று யாராவது எழுதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் சென் லூயி என்ற சிறிய உருவ முன்கள வீரரை, வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். தெரிவில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2004இல் அந்த லீக்கில் அதிக புள்ளி எடுத்தவர் அவர்தான். எல்லாச் சிறியவர்களும் அப்படி வருவார்கள் என்று இதற்குப் பொருளில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்க வேண்டாம்.

உண்மையான குறை இருந்தால் அது எங்கே தெரியும்? என் கண்ணுக்கு இரண்டு இடங்கள். ஒன்று, பக்கைப் பறிகொடுத்த உடனே அவன் வைக்கும் முதல் மூன்று எட்டுகள்: ஐஸைத் தள்ளி ஓடுகிறானா, அல்லது இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு வழுக்கிப் போகிறானா என்று பாருங்கள். மற்றது, திசை மாறும்போது சடக்கென்று நின்று திரும்புகிறானா, அல்லது பெரிய வட்டம் போட்டு வருகிறானா என்பது. நிற்பது கால்களுக்கு வலி. வட்டம் போடுவது சுகம், வேகமாகப் போவதுபோன்றும் தோன்றும், ஆனால் அதற்குள் எதிரணி வெளியேறிவிடும். மருமகனிடம் இந்த வட்டம் இருந்தது. அவன் சோம்பேறி என்று தகப்பன் சத்தம் போட்டார். அவனுக்கு இடப்பக்கமாகச் சடக்கென்று நிற்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஒரு மாரி முழுவதும் அதை மட்டும் பழகினான்.

இதையெல்லாம் உங்களிடம் உள்ள காணொளியில் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். பெற்றோர் எடுக்கும் காணொளியில் மகனிடம் பக் வரும்போது படம் அவனை நெருங்கும், பக் போனதும் படமும் போய்விடும். உங்கள் கைபேசியே அவனை மறைத்துவிடுகிறது. பார்வையாளர் வரிசையின் உயரமான இடத்தில் நின்று, அவன் உள்ளே இறங்கியதிலிருந்து வெளியேறும்வரை, ஏறத்தாழ முக்கால் நிமிடம், முழு ஆடுகளமும் தெரியும்படி அசையாமல் எடுங்கள். அப்படி ஒரு ஆட்டம் முழுவதும் எடுத்தால் போதும்.

அதற்கிடையில் தெரிவாளரிடம், முறைப்பாடாக அன்றி, ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்த ஆட்டத்தில், பக் எந்தப் பகுதியில் இருந்தபோது அவன் மறைந்தான்? நினைவிருந்தால் சொல்வார், அதை வைத்துக்கொண்டு மகனோடு பேசலாம். நினைவில்லை என்றால், அவருடைய படிவத்திலும் குறிப்புப் பத்தி இரண்டு விரல் அகலந்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.