முட்டைக் கோழியின் வயிறு வீங்கும்போது

கேள்வி: சிங்கப்பூரின் செராங்கூன் கார்டன்ஸில் உள்ள எங்கள் தரைவீட்டின் பின்புறத்தில் மூன்று முட்டைக் கோழிகளை வளர்க்கிறோம். மூன்றுக்கும் நான்கு வயதாகிறது. அவற்றுள் செவலைக்கு இரண்டு மாதமாக முட்டை நின்றுவிட்டது. வயிறு வீங்கி, உடம்பை நிமிர்த்தித் தடுமாறி நடக்கிறது. ஸ்கேன் எடுத்த பறவை மருத்துவர், வயிற்றில் நீர் கோத்திருப்பதாகவும் சினைப்பையில் கட்டி இருக்கலாம் என்றும் கூறி, நீரை எடுத்துவிட்டார். மூன்றே வாரத்தில் மறுபடியும் வீங்கிவிட்டது. நான் போட்ட தீனிதான் காரணமா? இன்னும் எத்தனை முறை நீர் எடுப்பது? "அறுத்துவிடலாமே" என்கிறார் மாமியார். எட்டு வயது மகளோ கோழியை விட்டு நகர மறுக்கிறாள். – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். இந்த நோய் உங்கள் தீனியால் வந்ததன்று. புலாவ் ஊபின் தீவில் நாம் இன்றும் காணும் காட்டுக்கோழியின் இனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முட்டைகள் இட்டு, அடைகாத்து, ஓய்ந்துவிடும். அதன் வழிவந்த இன்றைய முட்டைக் கோழியோ, மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய காரணத்தால், இளமையில் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடுகிறது. ஏறக்குறைய 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து மஞ்சள் கருவை வெளிவிட்டு மறுபடி ஆற வேண்டியிருக்கிறது. ஓயாத இந்த உழைப்பில் சில கோழிகளுக்குக் கட்டி உண்டாகிறது. சிலவற்றுக்கு மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அழற்சியையும் கிருமித் தொற்றையும் உண்டாக்குகிறது. மனிதப் பெண்களின் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக் கோழியையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இந்நோய் அதற்குத் தானாகவே வருகிறது. போதாக்குறைக்கு, குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் கோழிக்குக் கிடைக்கும் ஓய்வு, ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கும் சிங்கப்பூரில் அவ்வாறு கிடைப்பதில்லை.

நோயை முன்பே கண்டுபிடித்திருக்கலாமோ என்றும் நீங்கள் வருந்தக்கூடும். கூட்டத்தில் வலுவிழந்ததாகத் தெரிந்தால் மற்றவை கொத்தும் என்பதால், கோழி தன் நோவைக் கடைசிவரை மறைத்தே வைக்கும்.

நீர் எடுப்பது நோயைத் தீர்க்காது. மூச்சுத் திணறலைத் தணிக்கும். பறவைக்கு நம்மைப்போல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. வயிற்றில் சேரும் நீர் அதன் காற்றுப்பைகளை நேராக அழுத்துகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில், வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டிய ஓர் உயிருக்கு அது இரட்டைத் துன்பம். ஆனால் அந்த நீரோடு உடம்பின் புரதமும் வெளியேறுவதால் ஒவ்வொரு முறையும் கோழி மெலிகிறது. எனவே எத்தனை முறை என்பதை முன்கூட்டி வகுக்க இயலாது. நீர் எடுத்த பின் செவலை தானாக இரை பொறுக்குகிறதா, மண்குளியல் போடுகிறதா, மற்ற இரண்டோடும் சேர்ந்து திரிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த நாட்கள் அதற்கு நல்ல நாட்கள்தான். அடுத்த வீக்கம் முன்னைவிட விரைவாக வந்து, நெஞ்செலும்பு கத்திமுனைபோல் கையில் தட்டுப்பட்டால், மீண்டும் நீர் எடுப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளை மறவாமல் கேளுங்கள். ஒன்று, வலிக்கு மெலாக்சிகாம் போன்ற மருந்து கொடுக்கலாமா என்பது. வீட்டிலுள்ள மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மற்றொன்று, முட்டையிடுவதைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கும் டெஸ்லோரெலின் என்ற தோலடி மருந்து பயன்படுமா என்பது. கரு வயிற்றில் விழுவதால் வந்த தொல்லைக்கு அது துணைசெய்யக்கூடும். வளர்ந்துவிட்ட கட்டியை அது கரைக்காது.

வீட்டில் செவலையை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், தோழிகள் கண்ணில் படும்படி தடுத்து வையுங்கள். அடியோடு தனிமைப்படுத்தினால் இரையெடுப்பதையே விட்டுவிடக்கூடும். ஏறி உட்காரும் உயரமான கட்டையை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தென்று வைக்கோலோ மரத்தூளோ பரப்புங்கள். பின்புற இறகில் எச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி நன்றாகத் துடையுங்கள். இந்த வெக்கையில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கும்போது நிமிர்ந்த நிலையிலேயே தூக்குங்கள். மல்லாத்தினால் மூச்சு முட்டும். வாயைப் பிளந்து தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். முட்டையிடாத கோழிக்கு முட்டைத் தீனியிலுள்ள மிகையான சுண்ணாம்புச்சத்து சிறுநீரகச் சுமையே என்பதால், சாதாரணத் தீனிக்கு மாற்றி, முட்டையிடுபவற்றுக்குச் சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

உங்கள் மாமியாரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பத்து வீடுகளில் முட்டை நின்ற கோழி குழம்புக்குப் போனதுதான் அன்றைய வழக்கம். அதில் வெறுப்பு இல்லை. ஆனால் நோயுற்று மருந்தேறிய கோழியை யாரும் உண்ணக்கூடாது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கோழியின் துன்பத்தை நீட்டவேண்டாம் என்ற அவருடைய எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. பிடித்தமான இரையையும் தொடர்ந்து மறுத்தாலும், காலைக் குளிர்ச்சியிலும் வாய் திறந்து வாலை ஆட்டி மூச்சு வாங்கினாலும், எழ முடியாமல் மூலையில் கிடந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். மயக்கம் கொடுத்து உயிர்போக்கும் ஊசி போடும்போது அதற்கு நோவு தெரியாது. பறவைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் குறைவு என்பதால், நள்ளிரவில் திணறும்வரை காத்திராமல் அந்த முடிவைப் பற்றி இப்போதே அவரிடம் பேசிவைப்பது நல்லது. ஒரு நாள் முன்னதாக விடைகொடுப்பது கொடுமையாகாது என்பது என் உறுதியான கருத்து.

மகளிடம் "தூங்கப்போகிறது" என்று சொல்ல வேண்டாம். பிறகு தூக்கமே அவளை அச்சுறுத்தலாம். செவலைக்குக் குணமாகாத நோய், அது இறந்துபோகும், வலிக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள்.

கட்டி தொற்றும் நோயன்று. எனினும் ஒரே வயதுள்ள மற்ற இரண்டும் அதே உழைப்பை உழைத்தவை என்பதால், செவலை இறந்த பின் உடற்கூறாய்வு செய்ய முடியுமா என்று கேளுங்கள்; தொற்றுநோய் ஏதும் கலந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை இரண்டையும் எடைபோட்டு, வயிற்றைத் தடவிப் பாருங்கள். இரவில் கூண்டின் மேல் விளக்கு வெளிச்சம் விழாமல் பாருங்கள். ஓடில்லாத தோல்முட்டை இடுவது, கொண்டை வெளிறுவது, எச்சம் பச்சையாக நீர்த்துப்போவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் வீக்கத்துக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோழிகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் மட்டும் அது வேறு கதை. கையால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள்.