படத்தைக் கொடுத்தாலும் படம் எங்கே என்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாங்கோவில் (வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் ஃப்ரேம்வொர்க்) ஒரு சின்ன ஃபார்ம் எழுதினேன். பெயர், படம் என்று இரண்டே ஃபீல்டுகள். படத்தைத் தேர்ந்தெடுத்து சப்மிட் அழுத்தினால், படத்துக்கான இடத்தில் 'திஸ் ஃபீல்ட் இஸ் ரிக்வயர்ட்' என்று வருகிறது. ஃபார்ம் டேகில் என்க்டைப் (தகவலை எந்த வடிவத்தில் அனுப்புவது என்று பிரௌசருக்குச் சொல்லும் குறிப்பு) போடாததுதான் காரணம் என்று அரை நாள் தேடிய பிறகு தெரிந்தது. இது ஜாங்கோவின் பக் என்கிறேன் நான். 'டிசைனே அப்படித்தான், டாக்குமென்டேஷனைப் படி' என்கிறார் என் சீனியர். யார் சொல்வது சரி?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஜாங்கோவின் பக் டிராக்கரில் (பிழைகளைப் பதிவு செய்யும் இடம்) போட்டால் உங்கள் சீனியர்தான் ஜெயிப்பார். ஆனால் நீங்கள் கேட்பது ஒன்று, அவர் பதில் சொல்வது இன்னொன்று.

என்க்டைப் சொல்லாத ஃபார்மை பிரௌசர் யூஆர்எல்-என்கோடட், அதாவது எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக்கும் வடிவத்தில் அனுப்பும். அதில் கோப்பின் உள்ளடக்கம் போகாது. கோப்பின் பெயர் மட்டும் வெறும் எழுத்தாகப் போகும். இது ஹெச்டிஎம்எல் வகுத்த விதி, ஜாங்கோ பொறுப்பில்லை. ஜாங்கோவின் ஃபைல் ஃபீல்ட் ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸில் (வந்த கோப்புகள் சேரும் இடம்) வந்ததை மட்டும் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. கட்டாய ஃபீல்ட் காலியாக இருந்தால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்கிறது. இதுவரை சீனியர் பக்கம்தான் நியாயம்.

அந்தச் செய்தி யாருக்குப் போகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. பயனர் படத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே வரி. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அச்சு) என்க்டைப் விட்டுப்போனாலும் இதே வரி. வியூவில் (கோரிக்கையைக் கையாளும் நிரல்) ஃபார்முக்கு ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸைக் கொடுக்க மறந்தாலும் இதே வரி. முதலாவது பயனரின் தவறு, மற்ற இரண்டும் நிரல் எழுதியவரின் தவறு. மூன்றுக்கும் திட்டு வாங்குவது பயனர்தான். அவர் படத்தை மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பார், பாவம்.

வேறுபடுத்திச் சொல்ல வழியே இல்லை என்றால் விட்டுவிடலாம். வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் ரிக்வெஸ்ட்.போஸ்டைத் (ஃபார்மின் சாதாரண எழுத்துத் தகவல் சேரும் இடம்) திறந்து பாருங்கள். அந்த ஃபீல்டின் பெயரிலேயே படத்தின் கோப்புப்பெயர் உட்கார்ந்திருக்கும். தடயம் கைக்கு எட்டும் தூரத்தில்! ஃப்ளாஸ்க் என்ற இன்னொரு பைத்தான் ஃப்ரேம்வொர்க் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. டீபக் நிலையில் (நிரலாளர் எழுதிச் சோதிக்கும்போது வைத்திருக்கும் நிலை) ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸில் இல்லாத கோப்பை நீங்கள் கேட்டால், அதே பெயர் சாதாரண ஃபார்ம் தகவலில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. வந்திருந்தால், கோப்பின் உள்ளடக்கம் வரவில்லை, ஃபார்மில் கோப்பையும் சேர்த்து அனுப்பும் மல்டிபார்ட் என்க்டைப் போடுங்கள் என்று நிரலாளரிடம் நேராகச் சொல்லிவிடுகிறது.

பயனர் பார்க்கும் நேரடித் தளத்தில் இப்படி ஊகம் செய்யக்கூடாதுதான். போஸ்டில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதி அனுப்பலாம். டீபக் நிலையில் அந்தக் கவலை இல்லை. ஜாங்கோவுக்கும் இது புதிதல்ல. வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். சோதனையின் தோல்விப் பக்கத்தில் காரணமும் சரிசெய்யும் குறிப்புகளும் டீபக் நிலையில்தான் வரும். மற்றபடி சுருக்கமான 403 (அனுமதி மறுப்பு) பக்கம்.

எல்லாக் குழப்பத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். செக்பாக்ஸை டிக் செய்யாமல் விட்டால் அதே 'ரிக்வயர்ட்' வரும் என்று பலர் புலம்புவார்கள். டிக் செய்யாத செக்பாக்ஸைப் பற்றி பிரௌசர் எதுவுமே அனுப்புவதில்லை. ஃபார்மின் பூலியன் (ஆம்/இல்லை) ஃபீல்டைக் கட்டாயமில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது எழுதி வைத்த டிசைன், அங்கே சீனியர் சொல்வதைக் கேளுங்கள்.

டிசைன் என்றால் அசைக்க முடியாது என்றும் இல்லை. ஃபார்ம்செட்டில் (ஒரே பக்கத்தில் பல ஃபார்ம்களின் தொகுப்பு) மேனேஜ்மென்ட் ஃபார்ம் (எத்தனை ஃபார்ம்கள் என்று சொல்லும் மறைவான பகுதி) விட்டுப்போனால் முன்பெல்லாம் ஜாங்கோ எக்ஸெப்ஷன் எறியும், பக்கமே விழும். 2021 ஏப்ரலில் வந்த 3.2 பதிப்பில் அதை ஃபார்ம்செட்டின் சாதாரணப் பிழையாக மாற்றினார்கள். நேற்றுவரை 'அப்படித்தான்' என்று இருந்ததுதான் அதுவும்.

டிக்கெட் போடுவதாக இருந்தால் 'ஃபைல் ஃபீல்ட் வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். 'இன்வேலிட்' என்று மூடிவிடுவார்கள். டீபக் நிலையில், ஃபைல் ஃபீல்டின் பெயர் போஸ்டில் இருந்து ஃபைல்ஸில் இல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கை வேண்டும் என்று கேளுங்கள். பிரச்சினையைக் காட்டும் இரண்டு வரி டெம்ப்ளேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன் பழைய டிக்கெட்டுகளை ஒருமுறை தேடிவிடுங்கள்.